டூடுல் நாய்கள்: ஒரு பெயரால் பிறந்த வரலாறு

லாப்ரடூடுல், கோல்டன்டூடுல், பெர்னடூடுல், காக்கபூ... கேட்டால் பலகாரக் கடையின் விலைப்பட்டியல் போல இருக்கும். ஆனால் இவை எல்லாம் நாய்களின் பெயர்கள். இவற்றுக்கு ஒரு பொது அடையாளம் உண்டு. பெற்றோரில் ஒன்று பூடில் இனத்தைச் சேர்ந்தது. மற்றொன்று லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பெர்னீஸ் மலைநாய், காக்கர் ஸ்பானியல் என்று வேறு ஏதாவது ஓர் இனம். பூடில் என்ற சொல்லின் வாலை எடுத்து மற்ற இனத்தின் பெயரோடு ஒட்டியதால் வந்ததே 'டூடுல்'.

இரண்டு இனங்கள் கலந்து குட்டி போடுவது உலகில் புதிய விஷயம் அல்ல.  பிறகு டூடுல் நாய்களை மட்டும் ஏன் தனியாகப் பேசுகிறார்கள்? அவை மற்ற நாய் இனங்களிலிருந்து எந்த வகையில் வேறுபட்டவை? இதற்கு விடை காண, முதலில் 'இனம்' என்ற சொல் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

தூய இனம் என்றால் என்ன?

நாய்களை மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்த்து வருகிறான். வேட்டைக்கு ஒரு நாய், மந்தை காக்க ஒரு நாய், வீட்டைக் காக்க ஒரு நாய் என்று வேலையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தான். நாயின் தகுதி அதன் வேலையில் இருந்தது, பிறப்புச் சான்றிதழில் இல்லை.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது மாறியது. 1859இல் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் 'கென்னல் கிளப்' தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 1884இல் இதே போன்ற சங்கம் வந்தது. இந்தச் சங்கங்கள் ஒவ்வோர் இனத்துக்கும் உயரம், நிறம், காது, வால் என்று இலக்கணம் வகுத்தன. வம்சப் பதிவேடு வைத்தன. தாயும் தந்தையும் பதிவேட்டில் இருந்தால் மட்டுமே குட்டிக்கு இடம் என்பது நாளடைவில் விதியானது. தூய இனம் என்று இன்று சொல்லப்படுவது, சுருக்கமாகச் சொன்னால், வெளியார் நுழைய முடியாதபடி மூடப்பட்ட ஒரு பதிவேடுதான்.

இதனால் ஒரு நன்மை விளைந்தது. லாப்ரடாரும் லாப்ரடாரும் சேர்ந்தால் பிறப்பது லாப்ரடார்தான். குட்டி வளர்ந்ததும் எப்படி இருக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். தீமையும் விளைந்தது. ஒரே வட்டத்துக்குள் மீண்டும் மீண்டும் இணைத்ததால், பரம்பரை நோய்களும் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றி வந்தன.

ஹவாயிலிருந்து வந்த வேண்டுகோள்

லாப்ரடூடுலின் கதை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் தொடங்குகிறது. பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களைப் பயிற்றுவித்துத் தரும் அமைப்பு ஒன்று அங்கே இருந்தது. அதன் நாய் வளர்ப்புப் பொறுப்பாளர் வாலி கான்ரன். 1980களில் ஹவாயில் வாழ்ந்த பார்வையற்ற பெண் ஒருவர் வழிகாட்டி நாய் கேட்டு அந்த அமைப்புக்கு எழுதினார். அவருடைய சிக்கல் சற்று வித்தியாசமானது. அவருக்கு நாய் வேண்டும். ஆனால் அவர் கணவருக்கு நாய் என்றால் அலர்ஜி.

பூடிலுக்குச் சுருட்டை முடி, அதிகம் உதிராது. எனவே பூடிலையே வழிகாட்டி நாயாகப் பழக்கிவிடலாம் என்று கான்ரன் நினைத்தார். மூன்று ஆண்டுகளில் 33 பூடில்களைச் சோதித்துப் பார்த்தார். ஒன்றுகூடத் தேறவில்லை. பூடில் புத்திசாலி நாய்தான். ஆனால் போக்குவரத்து நெரிசலில் பதறாமல் ஒரு மனிதரை நடத்திச் செல்லும் நிதானம் வேறு. அந்த நிதானம் லாப்ரடாரிடம் இருந்தது. கடைசியில் கான்ரன் ஒரு லாப்ரடாரையும் ஒரு பூடிலையும் இணைத்தார். 1989இல் மூன்று குட்டிகள் பிறந்தன.

குட்டிகளின் முடியும் எச்சிலும் ஹவாய்க்கு அனுப்பப்பட்டன. கணவருக்கு ஒரே ஒரு குட்டியின் மாதிரிதான் ஒத்துக்கொண்டது. அதன் பெயர் சுல்தான். அது பயிற்சி பெற்று ஹவாய்க்குப் போய், அந்தப் பெண்ணுக்குப் பல ஆண்டுகள் வழிகாட்டியது. ஒரு குடும்பத்தின் தேவைக்காக ஒரு நாய். கதை இதோடு முடிந்திருக்கலாம்.

பெயர் செய்த மாயம்

மீதி இரண்டு குட்டிகளுக்கு வீடு தேட வேண்டியிருந்தது. வழிகாட்டி நாய்க்காக மாதக்கணக்கில் காத்திருப்போர் பலர் இருந்தும், கலப்பின நாய் என்றதும் ஒருவரும் வாங்க முன்வரவில்லை. கான்ரன் தன் அமைப்பின் விளம்பரப் பிரிவுக்குப் போனார். 'லாப்ரடூடுல்' என்ற புதிய நாயை உருவாக்கியிருப்பதாகப் பத்திரிகைகளுக்குச் சொல்லச் சொன்னார். செய்தி வெளியானதும் தொலைபேசி ஓயாமல் மணியடித்தது. நேற்று வரை யாருக்கும் வேண்டாத நாய்க்கு இன்று போட்டி! நாய் மாறவில்லை, பெயர் மட்டுமே மாறியது என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

அந்தச் சொல்கூட முற்றிலும் புதியது அல்ல. வேகப் படகில் உலக சாதனைகள் படைத்த பிரிட்டனின் டொனால்ட் கேம்ப்பெல், 1955இல் வெளியான தன் நூலிலேயே தன் நாயை லாப்ரடூடுல் என்று குறிப்பிட்டிருக்கிறார். அமெரிக்காவில் காக்கபூவும் 1989க்கு முன்பே இருந்தது. ஆனால் கலப்பினத்தை ஒரு 'சரக்கு' ஆக்கியது மெல்போர்னின் அந்தச் செய்திதான். அதன் பின்னர் கோல்டன்டூடுல், பெர்னடூடுல் என்று வரிசை நீண்டது. 2009 ஜனவரியில், தன் மகள்களுக்காகப் பரிசீலிக்கும் இரண்டு நாய் வகைகளில் லாப்ரடூடுலும் ஒன்று என்று ஒபாமா சொன்னார். வெள்ளை மாளிகைக்கு வந்தது என்னவோ போர்த்துகீசிய நீர்நாய் இனத்தைச் சேர்ந்த 'போ'. ஆனாலும் டூடுலின் புகழ் உலகம் முழுவதும் பரவிவிட்டது.

முடியின் கணக்கு

டூடுலின் முக்கிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. முதல் தலைமுறை டூடுல் ஒவ்வொன்றுக்கும் மரபணுவில் பாதி பூடில், பாதி மற்ற இனம். அந்த முதல் தலைமுறை நாய்கள் இரண்டை மீண்டும் இணைத்தால் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டது போலாகும். ஒரே ஈற்றில் ஒரு குட்டி சுருட்டை முடியோடும், மற்றொன்று நேர்முடியோடும், இன்னொன்று அசல் லாப்ரடார் போலவும் வரலாம். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட அதே கணக்கு!

நாய் முடியின் பெரும்பாலான வகைகளை மூன்றே மரபணுக்களைக் கொண்டு விளக்கிவிடலாம் என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒன்று முடியின் நீளத்தையும், ஒன்று சுருளையும், மற்றொன்று மீசை, புருவ முடியையும் தீர்மானிக்கிறது. மக்கள் கேட்பது பொம்மை போன்ற முடி என்பதால், பலர் டூடுலை மீண்டும் பூடிலோடு இணைத்தார்கள். இப்படிப் பிறக்கும் குட்டி முக்கால் பங்கு பூடில். ஆஸ்திரேலிய லாப்ரடூடுல்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு, அவற்றில் பூடிலின் பங்கே மிகுதி என்று கண்டது. பெயரில் லாப்ரடார் முன்னால் நின்றாலும், உடலில் பூடில்தான் முன்னால் நிற்கிறது.

அலர்ஜி தராத நாய் உண்டா?

பலர் டூடுலைத் தேடிப் போவதற்குக் காரணமே இந்த நம்பிக்கைதான். உண்மையில் அலர்ஜியைத் தூண்டுவது நாயின் முடி அல்ல. எச்சில், உதிரும் தோல் துகள், சிறுநீர் ஆகியவற்றில் உள்ள சில புரதங்கள். முடி அவற்றைச் சுமந்து செல்லும் வண்டி மட்டுமே. நெதர்லாந்தில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, அலர்ஜி தராதவை எனப்பட்ட லாப்ரடூடுல், பூடில் போன்ற நாய்களை மற்ற நாய்களோடு ஒப்பிட்டது. முக்கிய அலர்ஜிப் புரதம் அந்த 'நல்ல' நாய்களின் முடியில்தான் அதிகம் இருந்தது! வீட்டுக் காற்றில் இருந்த அளவிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை.

இந்த உண்மை முதல் ஈற்றிலேயே தெரிந்ததுதான். பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டது சுல்தான் என்ற ஒரு நாய், லாப்ரடூடுல் என்ற வகை அல்ல. விளம்பரம் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. அதை நம்பி வாங்கும் வீட்டில் குழந்தைக்கு மூச்சுத் திணறினால், நாயைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலைதான் வரும்.

வருந்திய தந்தை

கான்ரன் 31 லாப்ரடூடுல்களோடு நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் நிறுத்தவில்லை. நோய்ப் பரிசோதனை செய்யாமல், கிடைத்த நாயையெல்லாம் பூடிலோடு சேர்த்து அதிக விலைக்கு விற்றார்கள். லாப்ரடூடுலை உருவாக்கியதைத் தன் வாழ்வின் வருத்தமாகவே கான்ரன் 2019இல் ஆஸ்திரேலிய வானொலிப் பேட்டியில் சொன்னார். பெரும்பாலான டூடுல்கள் நோயாளிகள் என்பதும் அவர் கருத்து.

அந்தக் கருத்து முழுவதும் சரி என்று சொல்ல முடியாது. லண்டனின் ராயல் கால்நடைக் கல்லூரி, காக்கபூ, லாப்ரடூடுல், கவபூ ஆகிய மூன்றையும் அவற்றின் பெற்றோர் இனங்களோடு ஒப்பிட்டு 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 9,402 நாய்கள், 57 நோய்கள். ஒப்பீடுகளில் 86.6 சதவீதத்தில் எந்த வேறுபாடும் இல்லை. அதாவது, டூடுல் கூடுதல் நோயாளியும் அல்ல, விற்பவர்கள் சொல்வது போலக் கூடுதல் ஆரோக்கியசாலியும் அல்ல. இதில் வியப்பும் இல்லை. இடுப்பு மூட்டுக் கோளாறும் விழித்திரை நோயும் பூடிலிலும் உண்டு, லாப்ரடாரிலும் உண்டு. இரண்டு பக்கமும் இருக்கும் குறை கலப்பினால் மட்டும் மறைந்துவிடாது.

முடிவுரை

டூடுல் நாய்களை மற்ற இனங்களிலிருந்து பிரிப்பது முடியோ ஆரோக்கியமோ அல்ல. மூடிய பதிவேடு இல்லாததும், குட்டி எப்படி வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாததும்தான். தூய இனத்தை விற்றது பதிவேடு, டூடுலை விற்றது பெயர். இரண்டுக்கும் இடையில் நாய் மட்டும் நாயாகவே இருக்கிறது. டூடுல் வாங்க நினைப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. தாய், தந்தை இரண்டுக்கும் பரிசோதனை நடந்ததா? அடிக்கடி சிக்குப் பிடிக்கும் இந்த முடியை ஆயுள் முழுவதும் சீவிவிட முடியுமா? அலர்ஜி உள்ளவர் அந்தக் குறிப்பிட்ட குட்டியோடு சில மணி நேரமாவது இருந்து பார்த்தாரா?

மூன்றாவது கேள்வியைத்தான் கான்ரன் முதலில் கேட்டார். எச்சிலையும் முடியையும் கடல் கடந்து அனுப்பி, பதில் வரும் வரை காத்திருந்தார். அந்தப் பொறுமையால்தான் சுல்தான் சரியான வீட்டைச் சென்றடைந்தது.