எக்ஸ்ரேயில் பதியாத பாதி: குருத்தெலும்பும் அடியெலும்பும் சேர்ந்து முறிவதைக் கண்டறிதல்

பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் திரும்புகிறது. முழங்கால் சில்லு வெளிப்புறமாக விலகுகிறது. காலை நீட்டியதும் தானே பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. மருத்துவர் பார்ப்பது வீங்கிய முட்டியை மட்டும்தான். எக்ஸ்ரேயிலும் முறிவு தென்படுவதில்லை. "சுளுக்குத்தான்" என்று கட்டுப்போட்டு அனுப்பிவிடுகிறார்கள். குருத்தெலும்பும் அதன் அடியெலும்பும் ஒன்றாகப் பெயரும் முறிவு கைநழுவுவது பெரும்பாலும் இப்படித்தான். அடிபட்ட விதத்தையும் வீக்கம் எழுந்த வேகத்தையும் முதல் சான்றுகளாகக் கொண்டு, அவை எழுப்பும் கேள்விக்கு ஏற்பப் படத்தைத் தேர்வதே சரியான முறை என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

எக்ஸ்ரேயின் குறை அதன் இயல்பிலேயே உள்ளது. குருத்தெலும்பு அதில் நிழலாகப் பதிவதில்லை. பெயர்ந்த துண்டின் அடியில் ஒட்டிய எலும்புத் தகடு மட்டுமே தெரியும். முழங்கால் சில்லின் குருத்தெலும்பு சில இடங்களில் 5 மி.மீ. தடிமனை எட்டும். ஆகவே படத்தில் நகக்கீற்றாகத் தெரிவது பெரியதொரு துண்டின் அடிப்பாகமாக இருக்கலாம். மேலும், சில்லு விலகும்போது அடிபடுவது அதன் உட்புறச் சரிவும் தொடையெலும்பின் வெளிப்புறக் குமிழும்தான். நேர்படத்தில் சில்லு தொடையெலும்பின் மேல் படிந்து நிற்பதால் சிறு துண்டுகள் மறைந்துபோகும். முட்டியை மடக்கி, சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையிலான வெளியைக் காட்டும் படத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீக்கம் சொல்வது எக்ஸ்ரேயைவிட அதிகம். குருத்தெலும்புக்கு இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அது மட்டும் கிழிந்தால் இரத்தம் கசியாது. அடியெலும்பும் உடைந்தால்தான் மஜ்ஜையின் இரத்தமும் கொழுப்பும் மூட்டுக்குள் இறங்கும். அடிபட்ட ஓரிரு மணி நேரத்தில் முட்டி உப்பினால் உள்ளே இரத்தம் என்றே கருத வேண்டும். மூட்டின் உட்சவ்வு எரிச்சலுற்றுச் சுரக்கும் நீர் பெரும்பாலும் மறுநாள்தான் சேரும். ஊசியால் உறிஞ்சிய இரத்தத்தைக் கிண்ணத்தில் சற்று நேரம் வைத்தால், ரசத்தின் மேல் நெய் மிதப்பதுபோலக் கொழுப்புத் துளிகள் மினுங்கும். நோயாளியைப் படுக்கவைத்துக் கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்தி எடுத்த பக்கவாட்டுப் படத்திலும் இதைக் காணலாம்: மேலே கொழுப்பு, கீழே இரத்தம், நடுவே ஒரு நேர்கோடு.

இதற்கு மறுப்பு உண்டு. கணைக்காலெலும்பின் மேல்தட்டு உடைந்தாலும் கொழுப்பு மிதக்கும். சிலுவைத் தசைநார் அறுந்தாலும் முட்டியில் இரத்தம் கட்டும். கொழுப்பு காணப்படாததால் முறிவு இல்லை என்றும் ஆகாது. மறுப்பு நியாயமானதே. இந்த அடையாளம் நோயின் பெயரைச் சொல்லாது. 'சுளுக்கு' என்ற முடிவை நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். பெயரைச் சொல்ல எம்.ஆர்.ஐ. வேண்டும். சில்லின் உட்புறத்திலும் தொடையெலும்பின் வெளிப்புறக் குமிழிலும் ஒருசேர எலும்புக் கன்றல் தெரிந்தால், சில்லு விலகித் திரும்பியதற்கு அதுவே சாட்சி. சி.டி. எலும்புத் துண்டின் அளவை நுணுக்கமாகக் காட்டும். குருத்தெலும்பைப் பொறுத்தவரை சாதாரண சி.டி.யும் எக்ஸ்ரேயைப் போலத்தான்.

கணுக்காலின் வரலாறும் எக்ஸ்ரேயின் இந்தக் குறையையே உணர்த்துகிறது. கணுக்கால் மூட்டின் அடியிலுள்ள தாலஸ் எலும்பின் மேற்பரப்புக் காயங்களை 1959-இல் பெர்ன்ட், ஹார்ட்டி என்ற இரு ஆய்வாளர்கள் நான்கு நிலைகளாகப் பிரித்தனர்: அமுங்கியது, பாதி பெயர்ந்தது, முழுதும் பெயர்ந்தும் இடம் மாறாதது, இடம் மாறியது. பாதம் உட்புறம் மடங்குவதால் இக்காயங்கள் நேர்வதைச் சடலங்களின் கணுக்காலில் சோதித்தும் காட்டினர். காயத்தின் காரணத்தை விளக்கியது அவர்களின் நிலையான பங்களிப்பு. ஆனால் அவர்களின் நிலைகள் எக்ஸ்ரேயைச் சார்ந்தவை; மேலுள்ள குருத்தெலும்பு முழுமையாக இருக்கிறதா, விரிசல் கண்டதா என்பதை அவை சொல்ல இயலாது. எம்.ஆர்.ஐ.யில் துண்டுக்கு அடியில் நீர்க்கோடு ஓடினால் அது தளர்ந்திருக்கிறது என ஐயுறலாம். மூட்டுக்குள் செலுத்தும் நோக்குக்குழலான ஆர்த்ராஸ்கோப்பில் பார்த்தபடி கொக்கியால் தொட்டுச் சோதித்தால் ஐயம் தீரும்.

தாமதத்துக்கு விலை உண்டு. போதிய எலும்போடு பெயர்ந்த புதிய துண்டைப் பழைய இடத்திலேயே பொருத்தலாம். நாள் செல்லச் செல்ல அதன் விளிம்புகள் மழுங்கும், பள்ளத்தில் நார்த்திசு நிரம்பும். துண்டு கையில் இருந்தும் இடம் பொருந்தாது. நோயாளிச் சீட்டில் 'எக்ஸ்ரே இயல்பு' என்று எழுதுவதற்கு முன் 'எத்தனை மணி நேரத்தில் வீங்கியது' என்ற ஒரு வரி பதிவாக வேண்டும். அந்த விடையும் எக்ஸ்ரேயும் முரண்பட்டால், விசாரணை முடியவில்லை என்று பொருள்.