தாவோ நெறியும் கிறித்தவமும்: கொங்குநாட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

தாவோ நெறி சீனத்தில் தோன்றிய சமயம். லாவோட்சுவின் பெயரால் வழங்கும் 'தாவோ தே ஜிங்' அதன் மூலநூல். கி.பி. 142இல் சிச்சுவான் பகுதியில் சாங் தாவோலிங் தொடங்கிய இயக்கத்தின் வழியே அது அமைப்புள்ள சமயமாயிற்று. கிறித்தவம் முதல் நூற்றாண்டில் பாலஸ்தீனத்தில் பிறந்து உலகெங்கும் பரவியது. கொங்குநாட்டில் கிறித்தவத்துக்குப் பல நூற்றாண்டு வரலாறு உண்டு. தாவோ நெறி இங்கே கோயில் கட்டி வேரூன்றியதில்லை. ஆனாலும் அதற்கு மிக நெருங்கிய உறவான சித்தர் நெறி இந்த மண்ணில் ஆழமாக ஊறியது. ஆகவே கொங்கில் இந்த ஒப்பீடு சித்தர் வழியாகவே நடக்க வேண்டும்.

தொண்டாமுத்தூர் வட்டாரம் அதற்குப் பொருத்தமான இடம். நொய்யல் தலையெடுக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் பேரூர்ப் பட்டீசுவரர் கோயில், பாம்பாட்டிச் சித்தர் குகை உள்ள மருதமலை, வெள்ளியங்கிரி ஆகியவை அடுத்தடுத்து இருக்கின்றன. சிறுவாணிச் சாலையில் 1986இல் கிறித்தவ நற்செய்தியாளர் டி.ஜி.எஸ். தினகரன் தொடங்கிய காருண்யா கல்வி நிறுவனமும் அதைச் சுற்றி எழுந்த காருண்யா நகரும் உள்ளன.

வெள்ளியங்கிரிக்குப் போகிறவர்கள் பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏழு மலை ஏறுவார்கள். வழியில் கைதட்டிச் சுனையில் நின்று கைதட்டி, நீர் பெருகும் என்று நம்பி, குடித்துவிட்டு நடப்பார்கள். உச்சியில் கோபுரம் கிடையாது. பெரும்பாறைகள் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கும் இடுக்கில்தான் சுயம்புலிங்கம். மலையையே கடவுளாகக் கண்டு ஏறும் இந்த வழிபாட்டை, சீனத்துத் தாய்ஷான் போன்ற புனித மலைகளில் ஏறும் தாவோ பக்தர் எளிதில் புரிந்துகொள்வார்.

சித்தருக்கும் தாவோ துறவியருக்கும் உள்ள ஒற்றுமை இதைவிட ஆழமானது. உடலை அண்டத்தின் சிற்றுருவாகக் காண்பது, மூச்சை அடக்கி ஆயுளை நீட்டுவது, பாதரசத்தையும் சாதிலிங்கத்தையும் மருந்தாக முடிப்பது, பின்னர் அந்த ரசவாதத்தையே உடலுக்குள் நிகழும் யோகமாகப் பொருள்கொள்வது என இரு மரபும் ஒரே தடத்தில் நடந்திருக்கின்றன. பழனி நவபாஷாணச் சிலையைச் செய்தவர் என்று போற்றப்படும் போகரைச் சீனர் என்று ஒரு மரபும், சீனம் சென்று திரும்பிய தமிழர் என்று இன்னொரு மரபும் சொல்கின்றன. இரண்டுக்கும் வரலாற்றுச் சான்று கிடையாது. அவர் பெயரில் உள்ள பாடல்கள் இன்றைய வடிவில் பிற்காலத்தவை. ஆனால் தமிழருக்கும் சீனருக்கும் இருந்த போக்குவரத்து கற்பனையன்று. சீனத் துறைமுகமான சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதே ஊரில் சோங் காலத்து லாவோட்சு கற்சிலை இருக்கிறது, மங்கோலியர் ஆட்சிக்காலத்துச் சிலுவை பொறித்த கல்லறைக் கற்களும் கிடைத்துள்ளன.

கிறித்தவமும் தாவோ நெறியும் நேருக்கு நேர் சந்தித்தது அதற்கும் முன்னர். 635இல் அலோபென் என்ற கிறித்தவத் துறவி தாங் பேரரசின் தலைநகருக்கு வந்தார். 781இல் நிறுவப்பட்ட சிஆன் கல்வெட்டு அங்கே வளர்ந்த கிறித்தவச் சபையின் வரலாற்றைத் தாவோ, பௌத்தச் சொல்வளத்தில் கூறுகிறது. மதுரையில் 1606இல் மறைப்பணி தொடங்கிய இராபர்ட் தெ நோபிலி காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழிலும் வடமொழியிலும் எழுதியதற்கு இதை முன்னோடி எனலாம். நோபிலி 1623இல் சேந்தமங்கலம், சேலம் பக்கமும் வந்தார். தாங் காலச் சீனச் சபையின் முடிவு துயரமானது. தாவோ பக்தரான ஊசோங் பேரரசர் 845இல் பௌத்தத்தோடு சேர்த்துக் கிறித்தவத்தையும் ஒடுக்கினார். மறு ஆண்டே அவர் இறந்தார். ஆயுளை நீட்ட உண்ட ரசவாத மருந்தே காரணம் என்பர். இணங்கிப்போகும் நெறி என்று பெயரெடுத்த தாவோவும் அரசின் கையில் சிக்கினால் ஒடுக்கும் கருவியாகும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அதே தாவோ நெறியினர்தான் வெகு முன்னர், சாங் தாவோலிங்கின் பேரன் சாங் லூ காலத்தில், வழிப்போக்கருக்கு இலவசச் சோறும் இறைச்சியும் வைத்த சத்திரங்களை நடத்தினர்.

கொங்குநாட்டில் கிறித்தவத்தின் சமூக விளைவு பெரும்பாலும் நிறுவனங்கள் வழியாக நேர்ந்தது. கருமத்தம்பட்டி பழைய கத்தோலிக்கத் தலம். 1830இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் கோயம்புத்தூருக்கு வந்து பள்ளிகள் தொடங்கினார். கோவை கத்தோலிக்க மறைவட்டம் 1850இல் அமைந்தது, 1886இல் மறைமாவட்டம் ஆனது. தென்னிந்தியத் திருச்சபையின் கோவை பேராயம் 1950இல் உருவானது. எழுத்து மறுக்கப்பட்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளிகள் எதைத் திறந்துவிட்டன என்பதைப் பட்டியலிட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சபைக்குள்ளும் சாதி வந்தது. கோவையின் முதல் ஆயராகப் பொறுப்பேற்ற மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக், உள்ளூர் குருக்களை உருவாக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர். சாதி வழக்கங்களைச் சபைக்குள் எந்த அளவுக்கு ஏற்பது என்ற தீராத பிணக்கில் மனம் நொந்து 1855இல் பதவி துறந்தார். அடுத்த ஆண்டு லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சங்கத்தை நிறுவி, 1859இல் ஃப்ரீடவுனில் காய்ச்சலில் இறந்தார். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் தேவாலயத்துக்குள் இரு சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அது வழக்காகவும் போனது.

இங்கேதான் சித்தர் நெறிக்கும் கிறித்தவத்துக்கும் உள்ள வேறுபாடு தெளிகிறது. சித்தர் சிவவாக்கியர் சாதியையும் சடங்கையும் சாடிய வேகத்துக்கு எந்தப் பாதிரியாரின் பிரசங்கமும் ஈடாகாது. ஆனால் சித்தர் நெறிக்குச் சபை இல்லை, பதிவேடு இல்லை, ஆயர் இல்லை. பாட்டு ஊர் ஊராகப் பரவியது, அதை நடைமுறையாக்கும் பொறுப்பு யாருக்கும் இருக்கவில்லை. கிறித்தவச் சபை தான் போதித்த சமத்துவத்துக்கு மாறாகப் பல இடங்களில் நடந்தது. எனினும் சபை என்று ஒன்று இருந்ததால் மனு எழுதவும் வழக்குப் போடவும் சுவரை இடிக்கச் சொல்லவும் முடிந்தது. இன்றும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி தலித் கிறித்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் தரப்பட்ட விலக்கு இவர்களுக்குக் கிடைக்கவில்லை. இது அநீதி. அதை எதிர்க்கும் குரல் ஒன்றுதிரண்டு ஒலிப்பதற்கும் சபைதான் களம்.

சித்தர் வழி விட்டுச்சென்ற கொடை மருத்துவம். மூலிகையும் பற்பமும் செந்தூரமும் இன்றும் அரசு சித்த மருத்துவமனைகளில் வழங்கப்படுகின்றன. தாவோ சிந்தனை தமிழில் நூலாகவும் வந்துவிட்டது. சேலத்தில் வாழ்ந்த கவிஞர் சி. மணி 'தாவோ தே ஜிங்'கைத் தமிழாக்கினார். இயற்கையில் வலிந்து தலையிடாத 'செயலற்ற செயல்' என்னும் தாவோ கருத்துக்கு மிக அருகில் நிற்கும் ஜப்பானிய உழவர் மசனோபு ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யும் தமிழில் கிடைக்கிறது. தென்னையும் வாழையும் பாக்கும் விளையும் தொண்டாமுத்தூர் போன்ற ஊர்களில், நிலத்தை உழாமல் மூடாக்கு போடுவதைப் பற்றிப் பேசும் இயற்கை விவசாயிகள் ஃபுகோகாவின் பெயரை உரிமையோடு சொல்வார்கள்.

கொங்கில் நூல் வழியே வந்த தாவோ நெறியோடு தமிழர் அன்றாடம் நேரில் பழகும் நாடுகளில் ஒன்று சிங்கப்பூர். லோயாங் துவா பெக் கோங் கோயிலில் சீனத் தெய்வத்தோடு பிள்ளையாரும் இருக்கிறார். 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே தாவோ நெறியினர் சுமார் 30 விழுக்காடு, கிறித்தவர் சுமார் 10 விழுக்காடு. 2020இல் தாவோ 8.8, கிறித்தவம் 18.9. தாவோ எனத் தம்மைச் சொல்லிக்கொண்ட பலர் பின்னர் பௌத்தர் என்று பதிந்ததும் இதற்கு ஒரு காரணம். ஆங்கிலக் கல்வி பெற்ற இளையோர், வகுப்பும் பாடநூலும் ஞாயிறு கூட்டமும் உள்ள சமயத்தை நாடியது இன்னொன்று. இந்தச் சரிவின் நடுவே அங்குள்ள தாவோ கோயில்கள் 1990இல் கூட்டமைப்பு ஒன்றை நிறுவின.