பெங்களூரில் குடக்கூலி வீடு

வெளி மாநிலத்தில் வாழும் தமிழருள் வீடு தேடி அலையாதவர் அரியர். தெருத் தெருவாய் நடந்து, பலகை தொங்கும் வீட்டின் கதவைத் தட்டி, எந்த ஊர், என்ன உத்தியோகம், எத்தனை பேர், என்ன சாப்பாடு என்னும் கேள்விகளுக்கெல்லாம் விடை கூறி, அதன் பின்னும் "சொல்லி அனுப்புகிறோம்" என்ற மறுமொழியோடு திரும்பியவர்கள் நம்மில் பலர். அப்படித் திரும்பியவரே பின்னாளில் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு வீட்டை வாங்கிவிட்டு, அதில் குடிவைக்க ஆள் கிடைக்காமல் தவிப்பதும் உண்டு. எங்கள் குடும்பத்தில் இது நிகழ்ந்தது. அந்தத் தவிப்பின் காரணத்தை ஆராயப் புகுந்தபோது, அது எங்கள் வீட்டோடு நில்லாமல் பெங்களூர் நகரத்தின் இருநூறு ஆண்டு வரலாற்றுக்குள் எங்களை அழைத்துச் சென்றது.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் தந்தையார் 1958இல் வட ஆர்க்காட்டிலிருந்து பெங்களூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணத்தைக் கொண்டு அல்சூருக்கு அருகே, அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு வீடு வாங்கினார். அவர் காலத்துக்குப் பின் அது மக்கள் மூவருக்கும் பொதுவாயிற்று. அண்ணா தில்லியில், அக்கா கோயம்புத்தூரில், நாங்கள் புனேயில். வாடகையை மூன்று பங்காக்கிக் கொள்வது ஏற்பாடு. 2020 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. குடியிருந்த இளந்தம்பதியர் கணிப்பொறி நிறுவனத்து ஊழியர்கள். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றானதும் சொந்த ஊருக்குச் சென்றவர்கள், ஜூன் மாதத்தில் வீட்டை ஒப்படைத்துவிட்டார்கள். அதன் பின் பத்து மாதம் அந்த வீடு பூட்டிக் கிடந்தது.

ஆள் வராமல் இல்லை. வந்தவர்களை எங்கள் நிபந்தனைகள் திருப்பி அனுப்பின. பத்து மாத வாடகை முன்பணம், சைவச் சாப்பாடு, குடும்பஸ்தராய் இருத்தல், தெரிந்தவர் வழியாக வருதல், கூடுமானால் தமிழராயிருத்தல். இவை மூவரும் மூன்று ஊரிலிருந்து ஆளுக்கொன்றாய்ச் சேர்த்தவை. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்க முடியாதபடி பொதுச் சொத்து என்னும் மரியாதை தடுத்தது.

இவ்வளவு நிபந்தனைகள் எங்கிருந்து வந்தன? விடை காணப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1809இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினர். கெம்பே கௌடர் அமைத்த பழைய பேட்டைக்குக் கிழக்கே, அல்சூர் ஏரியை அடுத்துப் படைவீடு எழுந்தது. ஊரார் அதனைத் தண்டு என்றனர். படை என்னும் பொருளில் நம் பழந்தமிழிலும் அச்சொல் உண்டு. சென்னைப் படையைத் தொடர்ந்து சிப்பாய்களும், சமையற்காரரும், குதிரைக்காரரும், ஒப்பந்தக்காரரும், சிறு வணிகரும் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து சேர்ந்தனர். 1864இல் சோலையார்ப்பேட்டையிலிருந்து இரயில் பாதை வந்த பின் வரவு இன்னும் பெருகிற்று. பேட்டையில் பெரும்பாலோர் பரம்பரை வீட்டுக்காரர். தண்டிலோ அதிகாரி முதல் அடுப்பூதுவோர் வரை பலரும் வந்து போகும் குடித்தனக்காரர். வாடகை வாழ்க்கை அப்பகுதியோடு கூடவே பிறந்தது எனலாம்.

1896இல் இங்கு வந்த ஓர் இளம் குதிரைப்படை அதிகாரி, தோழர் இருவரோடு பணத்தைக் கூட்டிச் சேர்த்துப் பெரிய தோட்டத்துடன் கூடிய பங்களா ஒன்றை அமர்த்திக்கொண்டார். முன்பு குடியிருந்தவர் விட்டுச் சென்ற ரோஜாச் செடிகளைப் பற்றிப் பின்னாளில் தம் வரலாற்றில் அருமையாக எழுதியும் வைத்தார். அவர்தாம் வின்ஸ்டன் சர்ச்சில். அவரிடம் எந்த வீட்டுக்காரராவது என்ன சாப்பாடு என்று கேட்டிருப்பாரா என்பது நமக்குத் தோன்றும் ஐயம். அத்தகைய பங்களாக்களின் பின்புறத்திலும், அல்சூர், சிவாஜி நகர் சந்துகளிலும் நம்மவர் நெருங்கிக் குடியிருந்தனர்.

1898இல் பிளேக் என்னும் கொள்ளைநோய் பெங்களூரைத் தாக்கிற்று. நெருக்கமான தெருக்களிலிருந்து மக்கள் வெளியேறினர். அதன் பின்னர் காற்றோட்டமான அகன்ற தெருக்களோடு பசவனகுடியும் மல்லேசுவரமும் வளர்ந்தன. தண்டின் பக்கம் பிரேசர் டவுன் எழுந்தது. இப்புதிய பகுதிகளில் வீடு கட்டியோர் சிலர், தம் மனையிலேயே ஒரு முற்றத்தைச் சுற்றி வரிசையாகச் சிறு வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டனர். கன்னடத்தில் அதற்கு வட்டார என்று பெயர். சென்னையில் நாம் ஒண்டுக்குடித்தனம் என்பதற்கு உறவுமுறை. ஒரே குழாய், ஒரே வாயிற்கதவு. வீட்டுக்காரர் முன்கட்டில் இருப்பார். இரவு பத்து மணிக்குமேல் கதவைத் தட்டினால் மறுநாள் காலையில் காரணம் சொல்ல வேண்டும். குடித்தனக்காரரின் சமையல் மணம் வீட்டுக்காரரின் கூடத்துக்குள் வருவது அந்த அமைப்பில் தவிர்க்க முடியாதது. ஆதலின் சாப்பாட்டைப் பற்றிய கேள்வி அங்கே எழுந்தது. அதனுள் சாதி பற்றிய கேள்வியும் மறைந்திருந்தது என்பதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. வட்டாரங்கள் இடிந்து மாடிக் கட்டடங்கள் ஆன பின்னும், சொந்தக்காரர் ஆயிரம் கல் தொலைவில் இருக்கும் காலத்திலும், அக்கேள்வி மட்டும் பலகையை விட்டு இறங்கவில்லை.

இனி முன்பணத்தின் கதை. இதற்கு நாம் சற்றுக் கடல் கடந்து செல்ல வேண்டும். 1915இல், முதல் உலகப் போரின் நடுவே, ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஆடவர் பலர் போர்முனைக்குச் சென்றிருந்த வேளையில், வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினர். மேரி பார்பர் போன்ற பெண்கள் முன்னின்று, ஏற்றிய வாடகையைக் கொடுக்க மறுத்துப் பெரும் போராட்டம் நடத்தினர். அவ்வாண்டின் இறுதிக்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வாடகை உயர்வைத் தடுத்துச் சட்டம் இயற்றிற்று. மூன்றாண்டுகளில், 1918இல், பம்பாயிலும் அத்தகைய சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கும் கட்டுப்பாடு பரவியது.

பெங்களூருக்கு அதன் தேவை பெரிதாக இருந்தது. 1940இல் விமானத் தொழிற்சாலை வந்தது. 1948இல் தொலைபேசித் தொழிற்சாலை. அடுத்த சில ஆண்டுகளில் இயந்திரக் கருவியும் மின்னணுக் கருவியும் செய்யும் ஆலைகளுக்கு அடிகோலப்பட்டது. 1941இல் ஏறத்தாழ 4 லட்சமாயிருந்த மக்கள்தொகை 1951இல் 7 லட்சத்து 78 ஆயிரத்தைத் தாண்டிற்று. பத்தாண்டில் ஒரு நகரம் இருமடங்கானால், வீடுகளும் இருமடங்காக முளைத்துவிடுமா? 1951இல் மைசூர் அரசு ஒரு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் செய்தது. பின்னர் 1961இல் விரிவான சட்டம் வந்தது. வீடு காலியானால் சொந்தக்காரர் அதைக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அதிகாரி அதை வேண்டியவருக்கு ஒதுக்கலாம். நியாய வாடகைக்குமேல் கேட்டல் ஆகாது. வாடகை பாக்கி, உள்குத்தகை, சொந்தக்காரரின் மெய்யான தேவை முதலிய சில காரணங்களாலன்றிக் குடித்தனக்காரரை வெளியேற்றவும் ஆகாது. சென்னையில் 1960ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தன்மையதே.

வெளியூரிலிருந்து வந்த நம் போன்றோருக்கு இச்சட்டம் ஒரு குடையாயிற்று. மொழி தெரியாத ஊரில், உறவினர் இல்லாத தெருவில், நாளைக் காலை சாமான்களை வெளியே எறிந்துவிடுவார்களோ என்னும் அச்சமின்றி உறங்க முடிந்தது அதனால்தான். அந்த நன்றியை மறந்து இன்று வீட்டுக்காரர் பக்கம் நின்று பேசுவது எங்களுக்கு உகந்ததன்று.

ஆயினும் குடையே நாளடைவில் கூரையாயிற்று. பம்பாயில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் 1940 செப்டம்பர் முதல் நாளின் வாடகையை அளவாகக் கொண்டு உறைய வைத்தது. ஐம்பதாண்டு கழித்தும் அவ்வளவில் பெரிய மாற்றமில்லை. வீட்டுக்காரர் செப்பனிடவில்லை. ஓடு சரிந்தாலும் கண்டுகொள்ளவில்லை. இத்தகைய உறைநிலை இனியும் நியாயமாகாது என 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூற நேர்ந்தது. பெங்களூரிலும் ஒரு வீட்டை மீட்க வழக்குத் தொடுத்தவர் நீதிமன்றப் படிகளில் ஆண்டுக் கணக்காய் ஏறியிறங்கினார். ஆகவே, வீட்டுக்காரர்கள் சட்டத்தை எதிர்க்காமல் அதைச் சுற்றிக்கொண்டு செல்லும் வழிகளைக் கண்டார்கள். பெருந்தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டால், வெளியேறத் தயங்குபவரும் அப்பணத்துக்காக வெளியேறுவார் என்பது ஒரு கணக்கு. பத்து மாத முன்பணம் என்னும் பெங்களூர் வழக்கத்தை இக்கணக்கு தாங்கி நின்றது. மாத வாடகையே இல்லாமல் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துக் குடியிருந்து, போகும்போது அதைத் திருப்பிப் பெறும் போக்கியமும் இங்கு மிகுதி. நம்முடைய ஒற்றியின் தங்கை அது. பதினொரு மாத ஒப்பந்தத்தின் மூலம் வேறு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்னும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைத் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

2001ஆம் ஆண்டின் கடைசி நாளில் கர்நாடகத்தில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெங்களூரில் மாதம் 3500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகை வீடுகள் அதன் கட்டுப்பாட்டுக்கு வெளியே சென்றன. இன்றைய வாடகையில் அத்தொகைக்கு உட்பட்ட வீடு எத்தனை இருக்கும்? பழைய சட்டத்தின் பிடி ஏறத்தாழ நீங்கிற்று. அச்சம் மட்டும் நீங்கவில்லை. 2017இல் தமிழ்நாடு இயற்றிய சட்டம் முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் அடக்கிற்று. 2021இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு முன்மாதிரியாக வகுத்த சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாதம் போதும் என்றது. நாங்களோ பத்து மாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இந்த அச்சம் ஒரு நாட்டையே எவ்வாறு தொடும் என்பதை இரண்டு புள்ளிகள் காட்டும். 1961இல் இந்திய நகரங்களில் நூற்றுக்கு 54 வீடுகள் வாடகை வீடுகளாக இருந்தன. 2011இல் அது 28 ஆகக் குறைந்தது. அதே 2011 கணக்கெடுப்பில், நகரங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன. வீடின்றி அலைவோர் ஒரு பக்கம், ஆளின்றிப் பூட்டிய கதவு மறுபக்கம்.

தமிழருக்கே கொடுப்போம் என்ற எங்கள் அக்காவின் நிபந்தனைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1991 டிசம்பரில், காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் மூண்டபோது தமிழர் பலர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அக்கா அப்போது அங்கிருந்தார். தொலைபேசியில் நாங்கள் நினைவூட்டியது ஒன்றே. "அக்கா, அந்த இரண்டு இரவும் நம்மைத் தம் வீட்டில் வைத்துக் காத்தவர்கள் எதிர்வீட்டுக் கன்னடக்காரர்கள் அல்லவா?" அவர் சற்றுநேரம் பேசவில்லை.

கணக்கும் பார்த்தோம். மாத வாடகை 24,000 ரூபாய். கட்டடப் பராமரிப்புக்கு மாதந்தோறும் 3,000 கைப்பொறுப்பு. பத்து மாதத்தில் 2 லட்சத்து 70 ஆயிரம். ஆகஸ்டு மாதத்திலேயே ஒருவர் வந்து 2,000 ரூபாய் குறைத்துக் கேட்டிருந்தார். அண்ணா இசையவில்லை. அவர் கேட்டபடி கொடுத்திருந்தால், இந்த நட்டத்தை எட்டப் பதினோராண்டுக்கு மேல் ஆகியிருக்கும்.

2021 ஏப்ரலில் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சென்றிருந்தபோது, பரணில் தந்தையாரின் இரும்புப் பெட்டி அகப்பட்டது. அதனுள் ஒரு கட்டு வாடகை ரசீது. 1962ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அல்சூர் வட்டாரம் ஒன்றில் ஓர் அறையும் சமையற்கட்டும். வாடகை 28 ரூபாய். முன்பணம் 56. ஒவ்வொன்றின் அடியிலும் கன்னடத்தில் ஓர் அம்மையாரின் கையொப்பம். வந்து நான்கே ஆண்டுகளான, கன்னடம் சரியாகப் பேச வராத, அசைவம் சாப்பிடும் ஓர் இளைஞரை அந்த அம்மையார் எதை நம்பி உள்ளே விட்டாரோ! அந்த ரசீதுகளைப் படம் பிடித்து அண்ணாவுக்கும் அக்காவுக்கும் அனுப்பினோம்.

மறு வாரம் வாயிலில் வெறும் பலகை ஒன்று தொங்கிற்று. வாடகை என்பதைக் கன்னடத்தார் பாடிகெ என்பர். செவிக்கு இரண்டும் ஒன்றே. நிபந்தனை ஏதும் அதில் எழுதவில்லை. ஒன்பதாம் நாள், அசாமிலிருந்து வந்து மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர் இருவர் வீட்டைப் பார்க்க வந்தனர். சமையற்கட்டுக் குழாயைத் திறந்து, காவிரித் தண்ணீர் எத்தனை நாளுக்கொருமுறை வரும் என்று கேட்டார்கள். முன்பணம் இரண்டு மாதம் என்றோம். அவர்கள் நம்பாமல் மீண்டும் ஒருமுறை கேட்டார்கள்.