குழலும் உரிமமும்: ஸ்ரீவில்லிபுத்தூர் – இராஜபாளையம் வட்டாரத்தை முன்வைத்துத் துப்பாக்கிக் குழல் மாற்றத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

துப்பாக்கியின் உறுப்புகளுள் அதன் தன்மையை வரையறுப்பது குழலே. குண்டின் அளவு, வீச்சு, குறியின் துல்லியம் ஆகியன குழலைச் சார்ந்தவை. பாளையக்காரர் காலத்தில் பழுதான குழலைக் கழற்றி வேறு குழல் பொருத்துவது கொல்லரின் தொழிலாக இருந்தது. 1799 முதல் 1801 வரை வெளியான ஆயுத ஒழிப்பு ஆணைகளும், 1860, 1878, 1959 ஆகிய ஆண்டுகளின் ஆயுதச் சட்டங்களும் அத்தொழிலைப் படிப்படியாக அரசின் உரிமத்திற்குள் கொண்டுவந்தன. இம்மாற்றத்தை ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய துப்பாக்கிகளைக் காலக்கணிப்புச் செய்வோர் குழலைத் தனிச் சான்றாகக் கொள்ளவேண்டும் என்பதையும் இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: துப்பாக்கிக் குழல், பாளையக்காரர், திரித்துப்பாக்கி, ஆயுதச் சட்டம், ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம்

முன்னுரை

தென்பாண்டி நாட்டுப் பாளையக்காரர்களின் போர்கள் குறித்து எழுதப்பட்ட நூல்கள் பல. ராபர்ட் ஓர்மின் போர் வரலாறு, 1881இல் வெளிவந்த கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு, 1971இல் வெளிவந்த கே. இராஜய்யனின் தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய ஆய்வு ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இத்தகைய வரலாறுகளில் தலைவர்களும் கோட்டைகளும் உடன்படிக்கைகளும் முதன்மை பெறுகின்றன. படைக்கலன்கள் பெரும்பாலும் பட்டியலாகவே இடம்பெறுகின்றன. அவற்றைச் செய்தவர் யார், பழுது நீக்கியவர் யார், ஓர் உறுப்பு கெட்டபோது அதற்கு மாற்று எங்கிருந்து வந்தது ஆகிய வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. அவ்வினாக்களுள் குழல் மாற்றத்தை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

பாளையங்களும் துப்பாக்கியும்

மதுரை நாயக்கர் ஆட்சியில் உருவான பாளைய முறையில், நிலத்தின் வருவாயைப் பெற்ற பாளையக்காரர் அதற்கு ஈடாகப் படைவீரர்களைப் பேணவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவை ஒட்டி அமைந்த சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி, நெற்கட்டும்செவல் ஆகிய பாளையங்கள் இம்முறையின் வழிவந்தவை. அவற்றிற்கு வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலால் பெயர்பெற்ற ஊராகவும் கோட்டையுடைய படைத்தளமாகவும் விளங்கியது. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட மேற்கு வழியில் அமைந்திருந்ததால், 1750களில் ஆர்க்காட்டு நவாபின் தரப்பும் பூலித்தேவன் தலைமையிலான அணியும் இக்கோட்டையைக் கைப்பற்றப் போட்டியிட்டன. 1755இல் கர்னல் ஹெரான், மாபூஸ்கான் ஆகியோரின் படையெடுப்பும், அதன்பின் யூசுப்கானின் நடவடிக்கைகளும் இவ்வட்டாரத்தைத் தொடர்ந்து போர்க்களமாக்கின.

இப்போர்களில் பாளையக்காரர் படையினர் நீண்ட ஈட்டி, வாள், வளரி ஆகியவற்றோடு திரித்துப்பாக்கியையும் கையாண்டனர். கும்பினிப் படையினர் சக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் துப்பாக்கிகளைக் கொண்டிருந்தனர். இரண்டும் வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுடப்படுபவை. இரண்டின் குழலும் உள்ளே வழவழப்பானது. இவற்றின் அடிப்படை வேறுபாடு பற்றவைக்கும் பொறியில்தான் இருந்தது. ஆகவே ஒருவகைத் துப்பாக்கியின் குழலை மற்றொருவகைக் கட்டையில் பொருத்துவது தொழில்நுட்ப அடிப்படையில் இயலாத செயலன்று.

கொல்லர் பட்டறையில் குழல்

இந்தியத் திரித்துப்பாக்கியின் குழல் வார்ப்பினால் ஆனதன்று. இரும்புப் பட்டையை ஓர் உருளைக் கம்பியின்மீது நீளவாக்கில் மடித்தோ, சுருளாகச் சுற்றியோ, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டவைப்பர். பின்னர் உட்புறத்தைக் குடைந்து சீராக்கி, அடிவாயை அடைத்து, பக்கவாட்டில் பற்றவைக்கும் துளையிடுவர். மரக்கட்டையைத் தச்சர் செதுக்குவார். உலோகப் பூண்களாலோ தோல்வாராலோ குழல் கட்டையோடு பிணைக்கப்படும். இப்பிணைப்பை அவிழ்த்தால் குழல் தனியே வந்துவிடும்.

இவ்வமைப்பின் விளைவுகள் இரண்டு. முதலாவது, ஒரு துப்பாக்கியின் உறுப்புகளுக்கு வெவ்வேறு ஆயுட்காலம் இருந்தது. கட்டை ஈரத்தாலும் செல்லாலும் கெடும். பற்றவைக்கும் துளை மருந்தின் வெப்பத்தால் அரிக்கப்பட்டு அகலும். நல்ல குழலோ பல கட்டைகளைக் கண்டு நிலைக்கும். இரண்டாவது, குழல்களின் துளை விட்டம் ஒன்றுபோல் இராது. ஒவ்வொரு குழலுக்கும் ஏற்ற அளவில் ஈயக்குண்டு வார்க்கும் அச்சு தேவைப்பட்டது. எனவே குழலை மாற்றினால் அச்சையும் மாற்றவேண்டியிருந்தது.

ஐரோப்பாவிலும் குழலே முதன்மை உறுப்பாகக் கருதப்பட்டது. இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் கழகம் 17ஆம் நூற்றாண்டிலேயே குழல்களை மிகுமருந்திட்டுச் சோதித்து முத்திரை குத்தியது. பிரிட்டனில் 1868இல் இயற்றப்பட்ட சோதனைச் சட்டம் தன் பெயரிலேயே குழலைக் கொண்டிருந்தது. கும்பினி தன் படைக்கு வாங்கிய துப்பாக்கிகளின் குழல் 39 அங்குல நீளமுடையது. பிரிட்டிஷ் படை அதற்குமுன் பயன்படுத்திய 46 அங்குல, 42 அங்குலக் குழல்களைவிட இது குறுகியது. பிரெஞ்சுப் போர்களின் நெருக்கடியில் 1797இல் பிரிட்டிஷ் படையே இந்த ‘இந்திய வகை’யை ஏற்றுக்கொண்டது. எனவே தமிழகத்துச் சேகரிப்பு ஒன்றில் உள்ள துப்பாக்கியில் 39 அங்குலக் குழலும் அதற்குப் பொருந்தாத கட்டையும் காணப்பட்டால், அது பிற்காலக் கலப்பு என்று ஒதுக்கத்தக்கதன்று. குழல் மாற்றத்தின் நேரடிச் சான்றாக அதனை ஆராயவேண்டும்.

ஆயுத ஒழிப்பு ஆணைகள்

1799 அக்டோபர் 16ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதனையடுத்து மேஜர் பானர்மன், பாளையக்காரர்கள் தம் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார். இவ்வாணை முழு அளவில் நிறைவேறவில்லை என்பதை 1801ஆம் ஆண்டின் கிளர்ச்சி காட்டியது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் எழுப்பப்பட்டது. மே மாதம் வரை அது வீழவில்லை. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டபின், 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ், தென் மாவட்டங்களில் படைக்கலப் பயன்பாட்டையே ஒழிக்கும் அறிக்கையை வெளியிட்டார். 1803இல் பாளையங்கள் நிலையான தீர்வை கட்டும் ஜமீன்களாயின. படை திரட்டும் கடமையும் உரிமையும் அவற்றிடமிருந்து நீங்கின.

இவ்வாணைகளின் அரசியல் விளைவு பரவலாக ஆராயப்பட்டுள்ளது. அவற்றின் தொழில் விளைவும் கருதத்தக்கது. ஆயுதம் தாங்குவதே குற்றமானபோது, அதனைச் செப்பனிடும் பட்டறைக்குத் தேவை சுருங்கியது இயல்பே. கலப்பைக் கொழுவையும் அரிவாளையும் அடித்த அதே உலையில்தான் குழலும் அடிக்கப்பட்டது. எனவே கொல்லரின் தொழில் அழியவில்லை. அதிலிருந்து ஒரு கூறு மட்டும் நீங்கியது. அக்கூறு ஏட்டில் எழுதப்படாத கைத்திறன். தலைமுறை ஒன்றிரண்டு அதைச் செய்யாமல் கழிந்தால் மீட்பது அரிது. பாளையக்காரரின் துப்பாக்கிகள் திருத்தமற்றவை என்ற பிற்காலக் கருத்தை மதிப்பிடும்போது, அத்துப்பாக்கிகளைப் பேணிய தொழில் இவ்வாறு தடைப்பட்டதையும் கணக்கிற்கொள்ள வேண்டும்.

புரி நீக்கப்பட்ட குழல்

குழலுக்கும் ஆட்சியதிகாரத்திற்கும் உள்ள தொடர்பை 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்விளைவு தெளிவாக்குகிறது. 1853ஆம் ஆண்டின் என்பீல்டு துப்பாக்கியின் குழலில் திருகுவரிகள் இருந்தன. ‘புரி’ எனப்படும் அவ்வரிகள் குண்டைச் சுழலச் செய்து தொலைவிலும் குறி தப்பாமல் செலுத்தின. கிளர்ச்சிக்குப்பின் இந்தியச் சிப்பாய்களுக்கென வேறொரு வகை உருவாக்கப்பட்டது. அதன் புறத்தோற்றம் என்பீல்டு போன்றதே. குழலின் உட்புறம் மட்டும் குடையப்பட்டுப் புரி நீக்கப்பட்டது. துளையின் விட்டம் 0.577 அங்குலத்திலிருந்து சுமார் 0.656 அங்குலமாக அகன்றது. கட்டையும் பொறியும் மாறாதிருக்க, குழலில் செய்த மாற்றம் ஒன்றே வெள்ளையர் படைக்கும் இந்தியர் படைக்கும் இடையே ஆற்றல் வேறுபாட்டை ஏற்படுத்தியது.

சட்டத்தின் சொற்கள்

1860ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை அடுத்து, லிட்டன் பிரபுவின் ஆட்சியில் 1878ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் வந்தது. அச்சட்டம் ‘ஆயுதம்’ என்பதற்குத் தந்த விளக்கத்தில் துப்பாக்கி, வாள், ஈட்டி, வில், அம்பு ஆகியவற்றோடு ஆயுதங்களின் உறுப்புகளும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் அடங்கின. இதன்படி, கட்டையும் பொறியும் இல்லாத வெறுங்குழலும் ஆயுதமாயிற்று. ஆயுதம் செய்தல், மாற்றியமைத்தல், விற்றல் ஆகியவற்றிற்கு உரிமம் வேண்டியதாயிற்று. 1801இன் அறிக்கை ஆயுதம் தாங்கும் கையைத் தடுத்தது; 1878இன் சட்டமோ ஆயுதத்தைச் செய்யும் கையையும் தடுத்தது. ஐரோப்பியருக்கு இச்சட்டத்திலிருந்து அளிக்கப்பட்ட விலக்குகள் தேசிய இயக்கத்தின் கண்டனத்திற்கு உள்ளாயின. 1931ஆம் ஆண்டின் கராச்சி காங்கிரசு, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தன் தீர்மானத்தில் சேர்த்தது.

கைத்துப்பாக்கியின் காலம்

1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலியிலிருந்து பிரித்து அதனுடன் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி இரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டார். வாஞ்சிநாதன் பயன்படுத்தியது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் வகைக் கைத்துப்பாக்கி. பாளையக்காரர் காலத்துத் துப்பாக்கிக்கும் இதற்கும் இடையே உற்பத்தி முறையே மாறியிருந்தது. பிரௌனிங் தொழிற்சாலையில் வரிசை எண் பொறித்துச் செய்யப்பட்டது. ஓர் உறுப்பு கெட்டால் அதே அளவில் வேறோர் உறுப்பைப் பொருத்தலாம் என்பது இத்தகைய உற்பத்தியின் அடிப்படை.

இக்கருத்து 1780களில் பிரான்சில் ஒனோரே பிளாங்கின் முயற்சியில் வடிவம்பெற்று, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆயுதச்சாலைகளில் நடைமுறைக்கு வந்தது. எக்குழலும் எக்கைத்துப்பாக்கியிலும் பொருந்தவேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலை சிறிது இடைவெளி விட்டே குழலைச் செய்கிறது. பிற நிறுவனங்கள் மாற்றுக்கெனச் செய்யும் குழல்களுள் சில அப்படியே பொருந்துபவை. சில சற்றே பெரிதாகச் செய்யப்பட்டு, கைவினைஞரால் அராவிப் பொருத்தப்படுபவை. இரண்டாம் வகையில் இடைவெளி குறைவதால் குறியின் துல்லியம் கூடும். ஆகவே இயந்திர உற்பத்தியின் காலத்திலும் குழலைப் பொருத்துவதில் அரத்திற்கும் கைத்திறனுக்கும் இடம் இருந்துவருகிறது.

குழலுக்கு மற்றொரு பொருளும் இக்காலத்தில் சேர்ந்தது. புரியுடைய குழலின் வழியே செல்லும் குண்டில் அக்குழலுக்கே உரிய கீறல்கள் பதிகின்றன. 1920களின் நடுவில் அமெரிக்காவில் கால்வின் கோடார்டும் அவருடைய உடன்பணியாளர்களும் ஒப்பீட்டு நுண்ணோக்கியைக் கொண்டு இக்கீறல்களை ஆராயும் முறையை நிறுவினர். அதன்பின் குழல் ஆயுதத்தின் அடையாளமாகவும் நீதிமன்றச் சான்றாகவும் ஆயிற்று. குழலை மாற்றுதல் என்பது ஆயுதத்தின் அடையாளத்தை மாற்றுதலாகவும் பொருள்படலாயிற்று.

மலையடிவாரத்தின் இன்றைய நிலை

விடுதலைக்குப்பின் இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உறுப்புகளை ஆயுதமாகக் கொள்ளும் பழைய விளக்கத்தைத் தொடர்ந்தது. அதன் 5ஆம் பிரிவு செப்பனிடுதலுக்கும் மாற்றியமைத்தலுக்கும் உரிமம் கோருகிறது. 6ஆம் பிரிவு உரிமமின்றிக் குழலைக் குறுக்குவதைத் தடைசெய்கிறது. ஒருவகைத் துப்பாக்கியை மற்றொருவகையாக மாற்றுவதும் 2019ஆம் ஆண்டின் திருத்தத்தால் இப்பிரிவில் சேர்ந்தது. துளை விட்டத்தைக் கொண்டே தடைசெய்யப்பட்டவை, தடைசெய்யப்படாதவை எனப் பிரிக்கப்படுவதால், குழல் மாறினால் துப்பாக்கியின் சட்டநிலையே மாறக்கூடும்.

13ஆம் பிரிவு இவ்வட்டாரத்திற்கு நேரடித் தொடர்புடையது. 20 அங்குலத்திற்குக் குறையாத வழவழப்பான குழலுடைய துப்பாக்கியும், பயிர்க்காவலுக்கான வாய்வழி மருந்திடும் துப்பாக்கியும் அதில் தனியே குறிக்கப்படுகின்றன. இராஜபாளையத்தின் மேற்கிலுள்ள தோப்புகளையும் வயல்களையும் போன்ற மலையடிவாரங்களில் பயிர்க்காவல் இன்றும் தீராத சிக்கல். மறுபுறம், 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயமும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமும் அறிவிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வாழும் ஆயுத உரிமதாரர் தம் பெயரைப் பதியவேண்டும் என்கிறது. பாளையக்காரர் படை ஏந்திய துப்பாக்கியின் அமைப்பு, அதே மலையடிவாரத்தில் உழவரின் பயிர்க்காவல் துப்பாக்கியாகச் சட்டத்தில் எஞ்சியிருக்கிறது. அதன் குழலைத் தம் விருப்பப்படி மாற்றும் உரிமை மட்டும் கொல்லருக்கோ உழவருக்கோ இல்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வருவன பெறப்படுகின்றன. பாளையக்காரர் காலத்தில் குழல் மாற்றம் உள்ளூர்த் தொழிலாக அமைந்தது. 1801இன் அறிக்கை அதன் தேவையைச் சுருக்கியது. 1878இன் சட்டம் உறுப்பையே ஆயுதமாக்கி அத்தொழிலை உரிமத்திற்கு உட்படுத்தியது. 1959இன் சட்டம் அவ்வரையறையைத் தொடர்ந்தது. பொதுப் பாதுகாப்புக்கு இக்கட்டுப்பாடு தேவையானதே. எனினும் அது அயலாட்சியின் ஆயுத ஒழிப்பிலிருந்து தோன்றியது என்பதையும், அதன் வழியில் ஒரு கைத்திறன் பதிவின்றி மறைந்தது என்பதையும் வரலாற்றாய்வு மறத்தலாகாது.

அருங்காட்சியகங்களிலும் பழைய ஜமீன் சேகரிப்புகளிலும் உள்ள துப்பாக்கிகளை ஒரே காலத்துப் பொருளாகக் கணிக்கும் வழக்கம் மாறவேண்டும். குழல், பொறி, கட்டை ஆகிய மூன்றையும் தனித்தனியே அளந்து, குழலின் நீளம், துளை விட்டம், முத்திரை, பிணைப்பு முறை ஆகியவற்றைப் பதிவு செய்தல் இன்றியமையாதது. அவ்வாறு பதிவு செய்யப்படுமாயின், ஆவணங்களில் பெயர் பெறாத கொல்லரின் பணியையும் தென்பாண்டி நாட்டுப் போர் வரலாற்றில் சேர்க்க இயலும்.