வீட்டுத் திரைக்கு வந்த சுருள்கள்

சலனப் படத்தின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் கொட்டகைகளையும் நட்சத்திரங்களையும் பற்றியே எழுதுகிறார்கள்; ஆனால் அந்தக் கலையின் முதல் முப்பது ஆண்டுகளில் எஞ்சியிருப்பதில் கணிசமான ஒரு பாகம், குடும்பங்கள் தங்கள் கூடத்துச் சுவரில் காட்டி மகிழ்வதற்காக வாங்கிய சிறிய அகலமுள்ள படச்சுருள்களில்தான் பிழைத்து வந்திருக்கிறது என்பதை நினைவூட்ட வேண்டியது அவசியமாகிறது.

இச்சுருள்கள் தோன்றியதற்கு நெருப்பைப் பற்றிய அச்சமே மூல காரணம். கொட்டகைகளில் ஓடிய 35 மில்லிமீட்டர்ச் சுருள் நைட்ரேட் என்ற ரசாயனப் பொருளால் ஆனது. ஒரு முறை பற்றிக்கொண்டால் தண்ணீரில் அமிழ்த்தினாலும் அணையாதது. போதாக்குறைக்கு, 1897 மே 4-ஆம் தேதி பாரிஸ் நகரில் நடந்த ஒரு தர்மச் சந்தையில், படம் காட்டும் கருவியின் ஈத்தர் விளக்கிலிருந்து மூண்ட தீ நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலி கொண்ட பிறகு, இக்கருவியை வீட்டுக்குள் விடுவதற்கு யாருக்குத்தான் துணிவு பிறக்கும்? அந்த அச்சத்தைப் போக்குவதற்காகவே பிரான்சு தேசத்தின் பாத்தே ஸ்தாபனத்தார், எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் சுருளில் 28 மில்லிமீட்டர் அகலத்தில் படங்களை அச்சிட்டு, 1912-இல் 'கோக்' என்ற கருவியோடு விற்பனைக்குக் கொணர்ந்தார்கள். அபாயகரமான 35 மில்லிமீட்டர்ச் சுருளை யாரும் இதில் நுழைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த அகலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. மின்சாரம் எட்டாத வீடுகளை உத்தேசித்து, கைப்பிடியைச் சுற்றும்போதே படமும் நகர்ந்து, விளக்குக்கு வேண்டிய மின்சாரமும் உண்டாகும்படி அதனுள் ஒரு டைனமோவையும் பொருத்தியிருந்தார்கள்.

எனினும் அது செல்வர்களின் பொருளாகவே இருந்தது. சாமானியக் குடும்பத்தின் கைக்கு எட்டியது, அதே ஸ்தாபனத்தார் 1922-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில் வெளியிட்ட 'பாத்தே பேபி' என்ற சிறு கருவியும், அதற்கென்றே வகுத்த 9.5 மில்லிமீட்டர்ச் சுருளுமே. சுருளை நகர்த்துவதற்கான துளைகளை ஓரங்களில் இடாமல், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே ஒவ்வொன்றாக இட்டதனால், ஓரம் முழுவதும் படத்துக்கே மிஞ்சியது. ஆகவே, மறு ஆண்டில் அமெரிக்காவின் கோடக் ஸ்தாபனத்தார் வெளியிட்ட 16 மில்லிமீட்டர்ச் சுருளின் படத்துக்கு இது அதிகம் இளைத்ததாக இருக்கவில்லை. சிக்கனத்துக்கு இன்னொரு யுக்தியும் உண்டு. பேசாப் படத்தில் வசன அட்டைகளே நீளத்தில் பெரும் பகுதியை விழுங்கிவிடும். அந்த அட்டைக்கு ஓரிரு படங்களை மட்டும் அச்சிட்டுச் சுருளின் விளிம்பில் ஒரு வெட்டு இட்டால், கருவி அதை உணர்ந்து சில விநாடிகள் அங்கேயே நின்று, நாம் படித்து முடித்தபின் மேலே செல்லும். நின்ற படத்தைக் கருக்கிவிடாதபடி விளக்கு மங்கலாகவே இருக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் பிரகாசமான விளக்குகளும் மோட்டாரும் வந்ததும் அந்த வெட்டுகள் வழக்கொழிந்தன.

கிராமத்துக் கூடங்களுக்கென்று பாத்தே வகுத்த 17.5 மில்லிமீட்டர்ச் சுருளோ, இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்திருந்த காலத்தில் தடை செய்யப்பட்டு, அற்பாயுளாக மறைந்தது. 1932-இல் கோடக் அளித்த 8 மில்லிமீட்டர்ச் சுருள் மேலும் மலிவாக இருந்தபடியால், 9.5-ம் நாளடைவில் கடைகளைவிட்டு நீங்கிற்று. ஆயினும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் அதைப் போற்றுகிற அன்பர்கள் இன்றளவும் சங்கம் கூடித் திரையிட்டு வருகிறார்கள்.

இந்த அன்பு என்ன பயன் விளைத்தது என்பதற்குக் கெவின் பிரவுன்லோவின் வரலாறே போதிய சான்று. 1950-களில் லண்டனில் பள்ளிச் சிறுவனாயிருந்த அவர், ஆபேல் கான்ஸ் என்ற பிரெஞ்சு மேதை 1927-இல் எடுத்த 'நெப்போலியன்' படத்தின் இரண்டு 9.5 மில்லிமீட்டர்ச் சுருள்களைக் கண்டெடுத்து, வீட்டிலே ஓட்டிப் பார்த்துப் பிரமித்துப்போனார். பல மணி நேரம் ஓடிய அந்தப் படம் அதற்குள் துண்டு துண்டாகச் சிதறி, உலகத்தால் அநேகமாக மறக்கப்பட்டிருந்தது. சிறு சுருளில் கண்டதன் முழுமையைத் தேடிப் பல தேசங்களிலிருந்து பகுதிகளைத் திரட்டிய அவரது பிரயத்தனத்தால், 1979-இல் அமெரிக்காவின் டெல்லுரைடு நகரில் நிகழ்ந்த திரையிடலைத் தமது 89-ஆம் வயதில் கான்ஸே நேரில் காணும் பாக்கியம் பெற்றார். மறு ஆண்டு லண்டனில் கார்ல் டேவிஸின் இசையோடு அது மீண்டும் மக்கள் முன் வந்தது.

இது ஒரு தனி மனிதரின் அதிர்ஷ்டம் மட்டுமன்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் வெளிவந்த ஏறத்தாழ 10,900 பேசாப் பெரும்படங்களில், ஆதி 35 மில்லிமீட்டர் உருவில் முழுமையாக எஞ்சியவை 14 சதவீதம்தான். இன்னும் 11 சதவீதம் அயல்நாட்டுப் பிரதிகளாகவோ, 28 அல்லது 16 மில்லிமீட்டர்ச் சிறு சுருள்களாகவோதான் முழுமை பெற்றிருக்கின்றன. கொட்டகைப் பிரதிகள் ஓட்டம் முடிந்ததும் வெள்ளிக்காக உருக்கப்பட்டும், தீக்கிரையாகியும், தாமே மக்கியும் அழிந்தன. வீட்டுச் சுருளோ விலை கொடுத்து வாங்கியவரின் பெட்டியில் பத்திரமாகத் தங்கியது.

அந்தப் பெட்டியைத் திறப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அசிட்டேட்டும் காலத்துக்கு அடங்கியதே. அது சுருங்கச் சுருங்கத் துளைகளுக்கிடையேயுள்ள தூரம் குறைந்து, கருவியின் கொக்கி துளையைத் தவறவிடும். 9.5-இல் துளை நடுவிலே இருப்பதால் அந்தக் கொக்கி கிழிப்பது ஓரத்தையன்று, படத்தின் நட்டநடுப் பாகத்தை. ஆதலின் புளித்த காடியின் வாடை வீசும் சுருளையோ, விறைத்து வளைந்த சுருளையோ, ஆர்வ மிகுதியால் உடனே கருவியில் ஏற்றாமல், முதலில் கையால் மெல்லப் பிரித்துப் பார்த்து, தகுந்த இடத்தில் பிரதி எடுத்தபிறகே ஓட்டுவது உத்தமம். சுருக்கப்பட்ட பதிப்புத்தானே என்று அலட்சியப்படுத்துவதும் தகாது. மூலமே அழிந்துபோன படத்துக்கு அச்சுருக்கமே இப்போது மூலமாகிறது.

வியாபாரத்துக்காகப் பிறந்த பொருளாயினும், அதைக் காப்பாற்றியது வியாபாரம் அன்று. லாபத்தைக் கருதாமல் அதைத் துடைத்து, செப்பனிட்டு, அண்டை வீட்டாரைக் கூட்டிக் காட்டி வந்த சாதாரண மனிதர்களின் சிரத்தையே. சினிமாவின் சரித்திரத்தில் படைத்தவர்களுக்கு அளிக்கும் ஸ்தானத்தில் ஒரு பங்கை அவர்களுக்கும் அளிப்பது நியாயம்.