நடந்தே பார்க்கலாம் கல்வி நகரம் மதுரை... வீரபாண்டியிலிருந்து ஒரு நாள் போதும்! முழு விவரம்

தேனி மாவட்டத்தில் பல கலை, அறிவியல் கல்லூரிகளில் படித்து முடிப்பவர்களின் பட்டச் சான்றிதழில் இருக்கும் பெயர் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். ஆனால், கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து மதுரைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் பார்ப்பது மீனாட்சி அம்மன் கோயில், துணிக்கடை, பெரியாஸ்பத்திரி. வேலை முடிஞ்சதும் அரப்பாளையம் வந்து பஸ் ஏறிடுவாங்க.

இந்த இடங்களுக்கு நடுவிலேயே 400 ஆண்டுக்கும் மேலான ஒரு கல்வி நகரம் இருக்கிறது. அதைச் சுற்றிப் பார்க்க கார் வேண்டாம், கைடு வேண்டாம். சுமார் 7 கிலோமீட்டர் நடந்தால் போதும். எங்கே தொடங்குவது, என்னென்ன பார்க்கலாம், ஒவ்வொரு இடத்துக்கும் என்ன முக்கியத்துவம்?

எப்படிப் போவது?

வீரபாண்டியில் இருந்து தேனி வந்து, அங்கிருந்து உசிலம்பட்டி, செக்கானூரணி வழியாக மதுரை பஸ் பிடிக்கலாம். தேனியில் இருந்து சுமார் 2 மணி நேரம் ஆகும். 2022 மே மாதம் மதுரை–தேனி அகல ரயில் பாதையில் ரயில் ஓடத் தொடங்கி, 2023 ஜூனில் போடி வரை நீட்டிக்கப்பட்டது. ரயிலில் போக நினைப்பவர்கள் நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்வது நல்லது. காலையில் போய் இரவு திரும்ப பஸ்தான் வசதி.

பஸ்ஸில் போனால் மதுரைக்குள் நுழையும் முன்பே முதல் இடம் வந்துவிடும். நாகமலை புதுக்கோட்டை அருகே, தேனி சாலையை ஒட்டியே இருக்கிறது காமராசர் பல்கலைக்கழக வளாகம். அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த தென்மாவட்டக் கல்லூரிகளுக்காக 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்டது. முதல் துணைவேந்தர் தமிழறிஞர் தெ.பொ.மீனாட்சிசுந்தரம். பின்னர் மு.வரதராசனும் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1978-ல்தான் காமராசர் பெயர் சேர்ந்தது.

இது நகரத்துக்கு வெளியே இருப்பதால் நடைப்பயணத்தில் வராது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு அரப்பாளையத்தில் இறங்கலாம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ரயில் நிலையம் வந்தால் நடை தொடங்கும்.

1. மேலமாசி வீதி, மீனாட்சி அம்மன் கோயில்

ரயில் நிலையத்தில் இருந்து கிழக்கே நடந்தால் மேலவெளி வீதி, மேலமாசி வீதி என வரிசையாக வரும். கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரம் சதுரமாக விரிவதால், இங்கே வழி தவறினாலும் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பிவிடலாம்.

மேலமாசி வீதியில் 251-ம் எண் வீட்டைத் தவறவிட வேண்டாம். 1921 செப்டம்பர் 22-ம் தேதி காந்தி அரையாடைக்கு மாறியது இங்கே தங்கியிருந்தபோதுதான்.

அடுத்து கோயில். பொற்றாமரைக் குளத்துக்கு இரண்டு கதைகள் உண்டு. ஒன்று புராணம்: புலவர்கள் கொண்டு வரும் நூல் தரமானதா என்று சங்கப்பலகை இந்தக் குளத்தில்தான் சோதித்தது, திருக்குறளும் இங்கேதான் அரங்கேறியது என்பது நம்பிக்கை. குளத்தைச் சுற்றிய மண்டபச் சுவரில் குறள்களைப் பளிங்கில் பொறித்து வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

இன்னொன்று எழுத்தில் பதிவான வரலாறு. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, 1610-ல் எழுதிய கடிதத்தில் மதுரையில் 10,000-க்கும் அதிகமான மாணவர்கள் பல ஆசிரியர்களிடம் பிரிந்து படித்து வந்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார். அரசர்கள் விட்ட மானியத்தில் அவர்களுக்குச் சாப்பாடும் கிடைத்தது. பல்கலைக்கழகம் என்ற பெயர் இல்லாமலேயே மதுரை பல்கலைக்கழக நகரமாக இருந்த காலம் அது.

ஆனால் அந்த 10,000 பேரும் பிராமண மாணவர்கள். மற்றவர்களுக்கு அந்தக் கல்வி கிடையாது. ஒடுக்கப்பட்ட சமூகத்தினருக்கோ கோயில் வாசலைத் தாண்டவே 1939 ஆனது. அந்த ஆண்டு ஜூலை 8-ம் தேதி, அ.வைத்தியநாத அய்யர் தலைமையில் பி.கக்கன் உள்ளிட்டோர் இந்தக் கோயிலுக்குள் நுழைந்தனர். கக்கன் பின்னாளில் தமிழ்நாட்டின் அமைச்சரானார். மதுரையின் கல்வி வரலாறும் இப்படி ஒவ்வொரு கதவாகத் திறந்த வரலாறுதான். இனி வரும் இடங்களில் அது வரிசையாகத் தெரியும்.

கவனிக்க: கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கணும். மதியம் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பாங்க. அதனால் கோயிலை முதலில் முடிச்சிடுங்க.

2. வடக்குமாசி வீதி முதல் தமிழ்ச் சங்கம் வரை

கோயிலின் வடக்கு கோபுரப் பக்கமாக வெளியே வந்து நேராகப் போனால் வடக்குமாசி வீதி. 1965 ஜனவரி 25-ம் தேதி இந்தி எதிர்ப்பு ஊர்வலம் வந்த மாணவர்களுக்கும் காங்கிரஸ் கட்சியினருக்கும் இந்த வீதியில்தான் மோதல் நடந்தது. மாநிலம் முழுக்கப் பரவிய போராட்டத்தின் முதல் பொறி இது. இப்போது இது வழக்கமான கடைத்தெரு.

இன்னும் வடக்கே வடக்குவெளி வீதி. இங்குள்ள சேதுபதி மேல்நிலைப் பள்ளியில் 1904-ல் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தவர் சுப்பிரமணிய பாரதி. பிறகு வேலையை விட்டு பத்திரிகைப் பணிக்காகச் சென்னை போனார்.

இந்தப் பகுதியிலேயே தமிழ்ச் சங்கம் சாலை. பாண்டித்துரைத் தேவர் 1901 செப்டம்பர் 14-ம் தேதி தொடங்கிய மதுரைத் தமிழ்ச் சங்கம் இங்கே இருக்கிறது. நான்காம் தமிழ்ச் சங்கம் என்று சொல்வது இதைத்தான். மதுரையில் தேடியும் திருக்குறளும் கம்பராமாயணமும் கைக்குக் கிடைக்காத வருத்தத்தில்தான் இதை அவர் தொடங்கினார் என்று சொல்வார்கள். ஏடுகளைத் தேடி அச்சிடுவது, 'செந்தமிழ்' இதழ் நடத்துவது, தமிழ் படிக்கத் தனிக் கல்லூரி என்று இந்தச் சங்கம் செய்த வேலைகள் ஏராளம்.

3. வைகையைக் கடப்பது எப்படி?

சிம்மக்கல் வந்தால் மாவட்ட மைய நூலகம். கொஞ்சம் உட்கார இடம் வேண்டும் என்றால் இங்கே செய்தித்தாள் படிக்கலாம். அடுத்து 1889-ல் திறக்கப்பட்ட ஏ.வி. பாலம். ஆல்பர்ட் விக்டர் பாலம் என்பதன் சுருக்கம்தான் இது.

பாலத்தில் நின்று பார்க்கும்போது வீரபாண்டிக்காரர்களுக்கு ஒரு தொடர்பு உண்டு. பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்ட பிறகு, அந்தத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, கௌமாரியம்மன் கோயிலை ஒட்டி முல்லையாறாக ஓடி, வைகையில் சேர்கிறது. மதுரைக்கு வரும் தண்ணீரில் அதுவும் அடக்கம். ஆனால் வருஷத்தில் பல மாதம் பாலத்துக்குக் கீழே வெறும் மணலும் புல்லும்தான்.

4. கோரிப்பாளையம்: அமெரிக்கன் கல்லூரி

பாலம் இறங்கினால் கோரிப்பாளையம். ஒரு பக்கம் தர்கா, பக்கத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனை, 1954-ல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரி, ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி. நெரிசல் அதிகம், ரோட்டைக் கடக்கும்போது நிதானமா போங்க.

இங்கே முக்கியமான இடம் அமெரிக்கன் கல்லூரி. 1881-ல் பசுமலையில் தொடங்கி, 1909-ல் இப்போதைய இடத்துக்கு வந்தது. சிவப்புச் செங்கல் கட்டடங்களும் பெரிய மரங்களும்தான் இதன் அடையாளம். நூலகத்துக்கு டேனியல் பூவர் பெயர். யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டை செமினரியை நடத்திய இவர், 1830-களில் மதுரை வந்து ஊர் ஊராகப் பள்ளிகள் தொடங்கியவர். கோயிலைச் சுற்றி இருந்த கல்வி, ஆற்றின் வடகரைக்கு வந்து பல சமூகங்களுக்கும் போய்ச் சேர்ந்ததில் இந்தப் பள்ளிகளுக்குப் பங்கு உண்டு. பட்டிமன்றப் பேச்சாளர் சாலமன் பாப்பையா தமிழ் கற்பித்ததும் இந்தக் கல்லூரியில்தான்.

வகுப்பு நடக்கும் வளாகம் என்பதால் கேட்டில் அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

5. தல்லாகுளம், தமுக்கம்

அங்கிருந்து தமுக்கம் நடக்கும் தூரம்தான். ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959-ல் நேரு திறந்து வைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி இங்கே பாதுகாக்கப்படுகிறது. மேலமாசி வீதி வீட்டைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இதன் கனம் கூடுதலாகப் புரியும்.

அதே பகுதியில் டாக்டர் தங்கராஜ் சாலையில் உலகத் தமிழ்ச் சங்கம். 1981-ல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் எம்.ஜி.ஆர். அறிவித்தது, கட்டடமாகத் திறக்கப்பட்டது 2016-ல்தான்.

தல்லாகுளம் பக்கம் இருக்கிறது லேடி டோக் கல்லூரி. கேட்டி வில்காக்ஸ் 1948-ல் தொடங்கிய இது, மதுரையின் முதல் மகளிர் கல்லூரி. அமெரிக்கன் கல்லூரிக்கும் இதற்கும் நடந்தால் சில நிமிடம். ஆனால் இடையில் 67 ஆண்டு இருக்கிறது. இன்று கம்பத்தில் இருந்தும் சின்னமனூரில் இருந்தும் பெண்கள் தல்லாகுளம் விடுதிகளில் தங்கிப் படிப்பது சாதாரணமாகத் தெரியலாம். அதற்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

6. கடைசி இடம்: கலைஞர் நூற்றாண்டு நூலகம்

நடையை முடிக்க புதுநத்தம் சாலை. 2023 ஜூலை 15-ம் தேதி திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இங்கே இருக்கிறது. குழந்தைகளுக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. காலையில் பார்த்த கோயில் வீதிகளில் ஒரு காலத்தில் ஒரு சமூகத்துக்கு மட்டும் கிடைத்த படிப்பு, இங்கே யார் வந்து உட்கார்ந்தாலும் கிடைக்கிறது.

யாருக்கு இந்த நடை பயன்படும்?

பிளஸ் 2 முடித்து எந்தக் கல்லூரி என்று யோசிக்கிற பிள்ளைகளுக்குத்தான் முதலில். அட்மிஷனுக்கு அப்பா, அம்மாவோடு மதுரை வரும்போது விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல், ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். மூன்று, நான்கு ஆண்டு எந்த ஊரில் இருக்கப் போகிறோம் என்பது நடந்து பார்த்தால்தான் பிடிபடும்.

வெயில் காலத்தில் கோயில் முதல் சிம்மக்கல் வரை காலையிலும், வடகரை இடங்களை மாலையிலும் வைத்துக்கொள்ளலாம். தொப்பி, தண்ணீர் பாட்டில் அவசியம். முடியலைன்னா சிம்மக்கல்லில் இருந்து கோரிப்பாளையத்துக்கு டவுன் பஸ், ஷேர் ஆட்டோ இருக்கு. தெற்குப் பக்கம் உள்ள மதுரைக் கல்லூரி, தெப்பக்குளம் தியாகராசர் கல்லூரி, திருமலை நாயக்கர் மகால் மூன்றையும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வது நல்லது.