செவ்வாயில் ஓடிய ஆறு

சித்திரை மாதம், அம்மா மண்டபம் படித்துறை. காவிரியில் மணல்தான் இருந்தது. தினமும் என்னோடு நடக்க வரும் நண்பர் பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார்: "செவ்வாயில ஆறு ஓடித்தாமே ஓய், யாரு போய்ப் பார்த்தா?"

நியாயமான கேள்வி. ஒருமுறை பார்த்ததாகச் சொல்லி உலகமே ஏமாந்திருக்கிறது. 1877-ல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயின் மேல் கோடுகளைக் கண்டு 'கனாலி' என்று எழுதினார். அந்தச் சொல் தானாக அமைந்த நீர்த்தடத்தையும் குறிக்கும், வெட்டிய வாய்க்காலையும் குறிக்கும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன்; பிரெஞ்சு 'கனால்' என்றால் எங்களுக்கு வெட்டிய வாய்க்கால்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆங்கிலத்திலும் அப்படியே போயிற்று. வாய்க்கால் என்றால் வெட்டினவன் ஒருவன் வேண்டுமே! பெர்சிவல் லோவெல் என்ற அமெரிக்கர் 1894-ல் அரிசோனாவில் ஆய்வுக்கூடமே கட்டி, செவ்வாய்க்காரர்கள் பாசனம் செய்கிறார்கள் என்று புத்தகங்கள் எழுதினார். ஃபைலில் ஒரு சொல் தவறினால் ஆர்டரே மாறிவிடும் என்று முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்குச் சொல்ல வேண்டாம். 1909-ல் பாரிஸ் அருகே மூதோனில் பெரிய தொலைநோக்கி வழியாக அந்தோனியாதி பார்த்தபோது, கோடுகள் வெறும் திட்டுகளாகக் கலைந்துபோயின.

நான் பள்ளியில் படிக்கையில், 1965 ஜூலையில், மாரினர் 4 அருகே போய் இருபத்துச் சொச்சம் படங்கள் எடுத்தது. சந்திரனைப் போலக் குழிகள்தான். 1971 நவம்பரில் மாரினர் 9 போய்ச் சேர்ந்தபோது கிரகம் முழுக்கப் புழுதிப் புயல். புழுதி அடங்கியதும் தெரிந்தவை வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்குகள்! சில, கிளைகள் கூடிக்கூடி வந்தவை. சில, ஒரேயடியாக வெள்ளம் பாய்ந்து அறுத்தவை.

தண்ணீர்தான் அறுத்தது என்று எப்படிச் சொன்னார்கள்? 1977 நவம்பர் வெள்ளம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது உறையூரில் குடியிருந்தேன். வெள்ளம் வடிந்த பிறகு தெருவில் ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் மணல் வால் போல நீண்டு கிடந்தது. தண்ணீர் வந்த பக்கம் மழுங்கல், போன பக்கம் கூர். செவ்வாயின் வெள்ளத் தடங்களிலும் அதே வடிவில் தீவுகள், நீளம் மட்டும் கிலோமீட்டர் கணக்கில். 2012-ல் அங்கே இறங்கிய க்யூரியாசிட்டி வண்டி, நீரில் உருண்டு மழுங்கிய கூழாங்கற்களையே கண்டது.

அங்குள்ள பெரிய பள்ளத்தாக்குகளுக்குப் பல மொழிகளில் செவ்வாயின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஜப்பானியப் பெயரில் 'காசெய்', நம் சமஸ்கிருதத்தில் 'மங்கள'. 2014-ல் அங்கே போய்ச் சேர்ந்த நம் மங்கள்யானுக்கும் அதே பெயர்தான். மங்கள பள்ளத்தாக்கின் நீளம் 800 கிலோமீட்டருக்கு மேல். தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை நம் காவிரியும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆனால் காவிரி போல ஊற்றாகப் பிறந்து, உபநதிகள் சேர்ந்து பெருகியதல்ல அது. தெற்கே நிலம் பிளந்து, உள்ளே இருந்த தண்ணீர் பீறிட்டு வடக்கே ஓடியது என்கிறார்கள்.

மறுநாள் நண்பரிடம் இத்தனையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி, அந்தத் தண்ணியெல்லாம் எங்க போச்சு?"

"கொஞ்சம் ஆகாசத்துல கரைஞ்சு போச்சு. மிச்சம் துருவத்துலயும் நிலத்துக்கு அடியிலயும் பனிக்கட்டியா இருக்கு."

மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நம்மளுது மேட்டூர்ல இருக்கு ஓய். ஜூன் 12 திறந்தா வந்துடும்."